குறை முகத்தில் இல்லை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் கடைசி ஆண்டு படிக்கும் மாணவரை சீனியர் என்பார்கள். பதினேழு, பதினெட்டு வயது. பள்ளியை விட்டுப் போகுமுன் ஒரு நல்ல தனிப்படம் எடுத்துக்கொள்வது அந்த நாட்டில் வேரூன்றிப்போன வழக்கம். பள்ளி ஆண்டு மலருக்கான படத்தைப் பல பள்ளிகள் ஸ்டூடியோவில், வெற்றுத் திரைக்கு முன்னால் எடுக்கச் சொல்கின்றன. பட்டமளிப்பு அழைப்போடு உறவினருக்கு அனுப்பும் படமும் வீட்டுக் கூடத்தில் மாட்டும் படமும் வேறு வகை. அவற்றைக் கோடை விடுமுறையிலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ வெளியே போய் எடுக்கிறார்கள். ஏரிக்கரை, புல்வெளி, பழைய ஆலைக் கட்டடம், சொந்தப் பண்ணை என்று இடம் மாறும். சிலர் கையில் வயலின் இருக்கும். சிலர் தோளில் பள்ளி அணியின் ஜாக்கெட் இருக்கும்.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். 1839இல் பிலடெல்பியாவில் ராபர்ட் கொர்னேலியஸ் என்பவர் தன் குடும்பத்தின் விளக்குக் கடைக்குப் பின்னால் வெட்டவெளியில் கேமராவை வைத்துத் தன்னைத் தானே படம் எடுத்தார். இன்று எஞ்சியிருக்கும் மனித உருவப் படங்களில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. வெளியே எடுத்ததற்குக் காரணம் இருந்தது: அன்றைய தகட்டில் உருவம் பதிய நிறைய ஒளி தேவைப்பட்டது. 1860களில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் கெண்டல் வாரன், கல்லூரிகளில் படிப்பை முடிக்கும் மாணவர்களைப் படம் எடுத்துக் கொடுத்தார். மாணவர்கள் அந்தப் படங்களைத் தொகுத்து வகுப்பு ஆல்பமாகக் கட்டி வைத்துக்கொண்டார்கள். இன்றைய ஆண்டு மலர்களின் முன்னோடி அது.

எடுத்த படத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது பதினேழு வயதுப் பிள்ளைகள் பலருக்கு மனம் சுருங்கிவிடுகிறது. மூக்கு பெரிது, கண்ணுக்குக் கீழே கருமை, தாடை சரியில்லை என்று தங்கள் முகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த முகத்தின் பக்கம் நின்று வாதாடுகிறது. ஒரு படம் நன்றாக அமைவதையும் கெட்டுப்போவதையும் கேமரா நிற்கும் தூரமும், ஒளி வரும் பரப்பின் அளவும், பின்னணி இருக்கும் தொலைவும், உடல் எடை விழும் காலும் தீர்மானிக்கின்றன. இவை எல்லாமே அளந்து பார்க்கக்கூடியவை, மாற்றிக்கொள்ளவும் கூடியவை.

கேமரா எவ்வளவு தள்ளி நிற்கிறது?

முகம் தட்டையான பொருள் இல்லை. மூக்கு நுனியிலிருந்து காது வரை முன்பின்னாக ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் ஆழம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் தெரியும் என்ற விதி இந்த 12 சென்டிமீட்டருக்கும் பொருந்தும்.

மூக்குக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் போனைப் பிடித்தால் காது 42 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். காதோடு ஒப்பிட, மூக்கு அதன் இயல்பான விகிதத்தைவிட 40 சதவீதம் பெரிதாகப் பதியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் இந்த வேறுபாடு 8 சதவீதம். மூன்று மீட்டரில் 4 சதவீதம். முகம் மாறவே இல்லை. பின்னால் நகர்ந்தவர் படம் எடுத்தவர்.

இதை மருத்துவர்களும் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த போரிஸ் பாஸ்கோவரும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 அங்குலத்தில் எடுத்த செல்பியில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடித் தெரிகிறது. ஐந்தடி தூரத்தில் அந்தப் பிழை இல்லாமல் போய்விடுகிறது. செல்பியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கச் சொல்லும் நோயாளிகள் வரத் தொடங்கியதுதான் ஆய்வுக்குத் தூண்டுதல். இல்லாத குறைக்கு மயக்க மருந்தும் கத்தியும் தேடிப் போகிறார்கள் என்பது சின்ன விஷயமா?

தூரம் மூக்கை மட்டும் பாதிப்பதில்லை, பார்ப்பவரின் மதிப்பீட்டையும் பாதிக்கிறது. கால்டெக் நிறுவனத்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே முகத்தை 45 சென்டிமீட்டரிலும் 135 சென்டிமீட்டரிலும் எடுத்துப் பலரிடம் காட்டினார்கள். கிட்டத்தில் எடுத்த படத்திலிருந்தவரை நம்பகம் குறைந்தவர், திறமை குறைந்தவர், அழகு குறைந்தவர் என்று பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள். இரண்டிலும் இருந்தது அதே ஆள்.

புகைப்படக்காரர்கள் முகப் படத்துக்கு 85 மில்லிமீட்டர், 135 மில்லிமீட்டர் லென்ஸ்களை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். முகத்தின் விகிதத்தைத் திருத்தும் சக்தி லென்ஸுக்குக் கிடையாது. அந்த லென்ஸில் தலையும் தோளும் சட்டத்துக்குள் அடங்க வேண்டுமானால் எடுப்பவர் இரண்டு மூன்று மீட்டர் பின்னால் போயே ஆக வேண்டும். தூரம்தான் வேலையைச் செய்கிறது. கையில் போன் மட்டும் இருந்தாலும் இதைச் செய்யலாம்: இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூம் வைத்து எடுங்கள்.

சூரியன் ஒரு சிறிய விளக்கு

சூரியனின் விட்டம் பூமியைப்போல் 109 மடங்கு. ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வானத்தில் அது அரை டிகிரி அளவே இருக்கிறது. முகத்தின் மேல் விழும் நிழலின் தன்மையை நிர்ணயிப்பது விளக்கின் உண்மையான பருமன் கிடையாது. முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதே கணக்கு. அரை டிகிரி விளக்கின் நிழல் கத்தி முனைபோல் கூர்மையாக விழும். தோலின் ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு பருவும் தனக்கென்று ஒரு நிழலை இழுத்துக்கொள்ளும்.

மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 45 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் அங்கே சூரியன் 68 டிகிரி உயரத்துக்கு ஏறிவிடும். அப்போது புருவ மேடு கண்ணுக்கு நிழல் போடும்; மூக்கு உதட்டின் மேல் நிழல் போடும். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரும்பள்ளங்கள் பதியும். சரி, சூரியனை நேராகப் பார்த்து நிற்கச் சொல்லலாமே என்றால், கண்ணைச் சுற்றியுள்ள தசை தானாகச் சுருங்கிக்கொள்ளும். எந்தப் பிள்ளையும் அந்த வெளிச்சத்தில் இயல்பாக விழித்துச் சிரிக்க முடியாது.

நிழலுக்குள் வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது முகத்துக்கு ஒளி தருவது திறந்த வானம். அரை டிகிரி விளக்கு போய், பல பத்து டிகிரி அகலமுள்ள விளக்கு வந்துவிட்டது. ஒளி பல திசைகளிலிருந்து வந்து ஒன்றின் நிழலை மற்றொன்று நிரப்புகிறது. தோலின் சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் அடங்குகின்றன; கன்னத்தின் வளைவு மெல்லத் தெரிகிறது. வெளிச்சம் குறையுமே என்ற பயம் வேண்டாம். உச்சி வெயிலில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் ஒளி விழுகிறது. தெளிந்த வானத்தின் கீழ் நிழலில் பத்தாயிரம் லக்ஸுக்குக் குறையாமல் இருக்கும். எந்தக் கேமராவுக்கும் அது தாராளம்.

ஆனால் எந்த நிழல் என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மேகம் மூடிய நாளில் திறந்த வெளியின் நடுவில் நின்றால் ஒளி பெரும்பாலும் உச்சியிலிருந்து வரும். மென்மையாக இருந்தாலும் கண்குழி இருண்டுதான் இருக்கும். தலைக்கு மேல் ஏதாவது மறைப்பும் முன்னால் திறந்த வானமும் உள்ள இடமே நல்லது. வீட்டுத் தாழ்வாரத்தின் விளிம்பு, பாலத்தின் அடிவாயில், அடர்ந்த மரவரிசையின் ஓரம் ஆகியவை அப்படிப்பட்டவை. மேல் ஒளி தடைபட்டு, முன்னொளி முகத்துக்குள் நுழைகிறது. கண்ணின் கருவிழிப் படலம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு குவியாடி. முன்னால் இருக்கும் வானம் அதில் சின்ன வெண்புள்ளியாகப் பிரதிபலிக்கும். அந்தப் புள்ளி இருந்தால் கண்ணுக்கு உயிர் வரும். இல்லாவிட்டால் அதே கண் சோர்ந்து தெரியும்.

மரத்தடியில் எச்சரிக்கை வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இலை இடுக்குகளில் நுழையும் வெயில் தரையில் வட்ட வட்டமாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் கீழே விழுவது வட்டமே, ஏனென்றால் ஒவ்வொரு வட்டமும் சூரியனின் உருவம். கெப்ளர் 1604இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இதை விளக்கினார். வட்டத்தின் விட்டம், இடுக்கிலிருந்து உள்ள தொலைவில் 108இல் ஒரு பங்கு. ஐந்து மீட்டர் உயரத்து இடுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வட்டத்தைப் போடும். ஒரு கன்னத்தை வெள்ளைத் திட்டாக்க அது போதும். ஆகவே படம் எடுக்குமுன் தரையைப் பாருங்கள். தரையில் புள்ளி இருந்தால் முகத்திலும் இருக்கும்.

தரைக்கு இன்னொரு பங்கும் இருக்கிறது. அது ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. சிமெண்டு நடைபாதையும் வெளிறிய மணலும் தாடையின் அடியில் வெண்ணொளியை ஏற்றி நிழலைத் தணிக்கும். புல்லில் உள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிப் பச்சையைத் திருப்புகிறது. வெயில் விழும் புல்தரையை ஒட்டி உட்கார்ந்தால் கழுத்திலும் தாடையிலும் பச்சைச் சாயல் ஏறும். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் அது நீங்கிவிடும்.

மாநிறமும் கருங்கூந்தலும்

இந்தக் கலையின் பாடங்கள் நெடுங்காலம் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்தே எழுதப்பட்டன. வண்ணப் பிரதிகளின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைக்கு 'ஷெர்லி' என்று பெயர். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அந்தத் தோலுக்கு ஏற்பச் சரிசெய்த முறையில், கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் சேர்ந்து நின்ற வகுப்புப் படங்களில் கறுப்பு முகங்கள் விவரம் இழந்து இருண்டுபோயின. கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழக ஆய்வாளர் லோர்னா ராத் இந்த வரலாற்றைத் தொகுத்து 2009இல் வெளியிட்டார். மரச்சாமான் தயாரிப்பவர்களும் சாக்லேட் தயாரிப்பவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் பிரித்துத் தெரியவில்லை என்று புகார் சொன்னதும், கோடாக் தன் பிலிமைத் திருத்தியதற்கு ஒரு காரணம் என்று அவர் எழுதுகிறார். மனித முகங்களுக்காகக் கேட்காத காது மரத்துக்கும் சாக்லேட்டுக்கும் கேட்டது.

நம் நிறத்துக்கு எந்த ஒளி பொருந்தும் என்பதற்கு இயற்பியலில் தெளிவான விடை உண்டு. தோலில் விழும் ஒளி இரண்டு வழிகளில் திரும்பி வருகிறது. ஒரு பகுதி தோலின் மேற்பரப்பிலிருந்தே கண்ணாடியில் படுவதுபோல் தெறிக்கிறது. நேராக விழும் ஒளியில் இது சுமார் 4 சதவீதம். எந்த நிறத் தோலுக்கும் ஏறத்தாழ இதே அளவு. மறு பகுதி தோலுக்குள் போய்ச் சிதறி வெளியே வருகிறது. இதைத்தான் மெலனின் நிறமி குறைக்கிறது. எனவே கருமை கூடக்கூட, வந்து சேரும் ஒளியில் மேற்பரப்புப் பளபளப்பின் பங்கு கூடுகிறது.

வெயிலில் இந்தப் பளபளப்பு நெற்றியிலும் மூக்கிலும் சின்னச் சின்னச் சுடுபுள்ளிகளாகத் தெறித்து நிற்கும். அகன்ற வானத்தின் ஒளியில் அதே பளபளப்பு கன்ன எலும்பின் நெடுக ஒரு நீண்ட ஒளிப்பட்டையாகப் படர்ந்து முகத்தின் வடிவத்தையே எழுதிக் காட்டும். கறுத்த, மாநிற முகங்களுக்குப் பெரிய ஒளிப்பரப்பு தேவை என்று தேர்ந்த புகைப்படக்காரர்கள் சொல்வதன் அடிப்படை இது. பவுடர் பூசி அந்தப் பளபளப்பை முழுக்கச் சாகடிப்பது முகத்தின் வடிவத்தைச் சாகடிப்பதாகும்.

வெளிச்ச அளவையும் முகத்தைப் பார்த்தே வைக்க வேண்டும். தானியங்கி முறை, காட்சி முழுவதையும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் அது படத்தை இருட்டாக்கும். விவரத்தை முதலில் இழப்பது நம் நிற முகம்தான். போனில் முகத்தின் மேல் விரலை வைத்து, பிரகாசத்தைத் தேவையான அளவு கூட்டிக்கொள்ளுங்கள்.

முடியின் கதை வேறு. பொன்னிற முடிக்குப் பின்னால் சூரியன் இருந்தால் ஒளி ஒவ்வொரு இழைக்குள்ளும் ஊடுருவி வெளியே வரும். தலை முழுவதும் ஒளிவட்டமாக மிளிரும். கருங்கூந்தல் அப்படி ஒளியை உள்ளே விடாது. அதன் அழகு இழையின் மேற்பரப்பில் இருக்கிறது. ஒளி மிகச் சாய்ந்து படும்போது எந்தப் பரப்பிலும் பிரதிபலிப்பு கூடும் என்பதால், பின்பக்கவாட்டில் தாழ்ந்து நிற்கும் சூரியன் கருங்கூந்தலின் விளிம்பில் வெள்ளிக் கோடு ஒன்றை இழுக்கும். அந்தக் கோடு தெரிய வேண்டுமானால் பின்னணி கொஞ்சம் இருண்டிருக்க வேண்டும். நிழலான மரவரிசையோ பழைய செங்கல் சுவரோ போதும்.

மாலைப் பொன்னொளி

சூரியன் உச்சியில் இருக்கும்போது ஒளி கடந்து வரும் காற்றுப் படலத்தை ஒன்று என்று கொண்டால், 30 டிகிரி உயரத்தில் அது இரண்டு. 10 டிகிரியில் ஐந்துக்கும் மேல். தொடுவானத்தில் ஏறத்தாழ 38. காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைநீளத்தை அதிகம் சிதறடிக்கின்றன. 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிதறும் என்பது ராலே 1871இல் தந்த விதியிலிருந்து கிடைக்கும் கணக்கு. நீண்ட பாதையில் நீலம் வழியிலேயே கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது மஞ்சளும் செம்மஞ்சளும். சிதறிய ஒளி வானம் முழுவதும் பரவி நிழல்களை நிரப்புவதால் வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியும் சுருங்குகிறது. வெயிலையே நேராக முகத்தில் ஏந்தக்கூடிய நேரம் அதுதான்.

அந்த நேரம் எவ்வளவு நீளும் என்பது ஊரைப் பொறுத்தது. மினியாபொலிஸில் சூரியன் சாய்ந்த பாதையில் இறங்குகிறது. 6 டிகிரி உயரத்திலிருந்து மறைவதற்கு ஜூனில் 40 நிமிடமும் செப்டம்பர் பிற்பகுதியில் 35 நிமிடமும் ஆகும். சென்னையில் சூரியன் ஏறத்தாழ நேர்குத்தாக விழுவதால் அதே இறக்கம் 25 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வெளிநாட்டுப் புகைப்படக் குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே படம் எடுப்பவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. உடை, இடம், நிற்கும் முறை எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவுசெய்து காத்திருந்தால்தான் நமக்கு அந்த ஒளி கிடைக்கும்.

வட அமெரிக்காவில் சீனியர் படங்களுக்கு இலையுதிர் காலம் பெயர்பெற்றிருப்பதற்கு இலைகளின் நிறம் பாதிக் காரணம். அக்டோபர் நடுவில் மினியாபொலிஸின் நண்பகல் சூரியன் 37 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை என்பது மறு பாதி. நாள் முழுவதும் ஒளி சாய்வாகவே வருகிறது. பச்சையம் சிதைந்து மஞ்சள் நிறமிகள் வெளிப்பட்ட மரங்கள் அந்த ஒளியை இளஞ்சூட்டு நிறத்தில் முகத்தின் மேல் திருப்பி அனுப்புகின்றன.

பின்னால் என்ன இருக்கிறது?

பின்னணி மங்கி, ஆள் மட்டும் துலங்கும் படங்களுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வெகு தொலைவில் உள்ள ஓர் ஒளிப்புள்ளி, ஆள் நிற்கும் இடத்து அளவில் பார்த்தால், லென்ஸின் திறப்பு எவ்வளவோ அவ்வளவு பெரிய வட்டமாகக் கலங்கும். 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2 திறப்பில் (85இல் பாதி) வைத்தால் அந்த வட்டம் 42 மில்லிமீட்டர், கண்ணைவிடப் பெரிது. கிளை, கம்பி, விளம்பரப் பலகை எல்லாம் அதில் கரைந்துவிடும். போன் லென்ஸின் திறப்பு சில மில்லிமீட்டர்தான். அதனால் தானாக மங்கலாக்க முடியாது. 2016இல் ஐபோன் 7 பிளஸில் வந்த 'போர்ட்ரெய்ட்' முறை, ஆளைக் கணித்துப் பிரித்து மற்றதைக் கணினி வழியில் மங்கலாக்குகிறது. சுருள்முடியின் பிசிறுகளில் அது இன்னமும் தடுமாறுவதைக் காணலாம். போனில் எடுப்பவர்கள் பின்னணியைத் தொலைவில் வைத்து, அமைதியான ஒரே நிறப் பரப்பாகத் தேர்ந்தெடுப்பது பலன் தரும்.

தலைக்கு மேல் மரமோ கம்பமோ முளைத்ததுபோல் தெரிந்தால் ஆளை நகர்த்த வேண்டியதில்லை. ஆள் 3 மீட்டரிலும் மரம் 30 மீட்டரிலும் இருந்தால், கேமராவை ஒரு முழத்துக்கும் குறைவாக, 30 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். ஆளுக்குப் பின்னால் பின்னணி 2.7 மீட்டர் விலகிவிடும்.

ஓர் இடத்தைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தண்டவாளங்கள் தொலைவில் குவியும் காட்சி அழகாக இருப்பதால் அமெரிக்காவில் பலர் ரயில் பாதையில் நின்று சீனியர் படம் எடுக்கிறார்கள். அது சட்டப்படி அத்துமீறல். அதைவிட, அது உயிரைப் பணயம் வைப்பது. மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் சரக்கு ரயில் நிற்க ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆகும். ஓட்டுநர் கண்ணில் பட்ட பிறகு அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ரயில்வே வரலாற்றின் கம்பீரம் படத்தில் வேண்டும் என்றால் அதற்குப் பாதுகாப்பான இடங்கள் இருக்கின்றன. மினியாபொலிஸில் ரயில்வே அதிபர் ஜேம்ஸ் ஹில் 1883இல் கட்டிய கல் வளைவுப் பாலம், 1994 முதல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரியது. மிசிசிப்பி ஆறும் பழைய மாவு ஆலைகளும் பின்னால் தெரிய, எந்த ஆபத்தும் இல்லாமல் அங்கே நிற்கலாம்.

எடை எந்தக் காலில்?

இரண்டு காலிலும் எடையைச் சமமாகப் போட்டு, தோளை நேராகக் காட்டி நிற்பது அணிவகுப்புக்குச் சரி. எடையை ஒரு காலுக்கு மாற்றினால் மறுபக்க இடுப்பு சற்று இறங்கும்; சமநிலைக்காக முதுகெலும்பு வளையும்; தோள்கள் எதிர்ப்பக்கம் சாயும். ஒரே அசைவில் உடல் முழுவதும் வளைகோடாகிறது. கிமு ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்கச் சிற்பி பாலிகிளீட்டஸ் ஈட்டி ஏந்திய வீரனை இப்படி நிறுத்தினார். சோழர் காலத்து உமையின் செப்புத் திருமேனிகள் திரிபங்கமாக நிற்பதும் இதே எலும்பு விதிப்படிதான். பதினேழு வயதுப் பிள்ளையிடம் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். “பின்னங்காலில் சாய்ந்து நில்லு” என்றால் மற்றது தானாக நடக்கும்.

உடலை 45 டிகிரி திருப்பினால் தோளின் அகலம் 70 சதவீதமாகத் தெரியும். அகலமான தோளை மெல்லியதாகக் காட்ட இது உதவும். விளையாட்டு வீரர் தன் தோளைக் காட்ட விரும்பினால் நேராகவே நிற்கட்டும். கையை விலாவோடு அழுத்தினால் மேல்கைச் சதை தட்டையாகி அகலும்; கைக்கும் இடுப்புக்கும் நடுவே சிறிது வெளிச்சம் தெரியும்படி விட்டால் போதும். தாடையைச் சற்று முன்னே நீட்டி, இம்மியளவு தாழ்த்தினால் கழுத்துத் தோல் இழுபட்டு, தாடையின் கோடு பிரிந்து நிற்கும். நிற்பவருக்கு அது செயற்கையாகத் தோன்றும்; முன்னாலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரியாது.

முழு உருவப் படத்தில் கேமராவின் உயரம் முக்கியம். இரண்டு மீட்டர் தள்ளி, கண் மட்டத்தில் பிடித்தால் பாதம் இரண்டரை மீட்டருக்கு அப்பால் போய்விடும், கால்கள் குட்டையாகும். கேமராவை மார்பு மட்டத்துக்கோ இடுப்பு மட்டத்துக்கோ இறக்கி, இன்னும் பின்னால் போய் எடுப்பது உடலின் விகிதத்தைக் காப்பாற்றும். உட்கார்ந்த நிலையில் முழங்கால் கேமராவை நோக்கி நீண்டால் மூக்குக்கு நேர்ந்த கதி முழங்காலுக்கு நேரும், பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

சிரிப்பும் தேர்வும்

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1905 முதல் 2013 வரையிலான அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆண்டு மலர்களிலிருந்து சுமார் 38,000 முகங்களைக் கணினியில் ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். நூற்றாண்டு நெடுகிலும் உதட்டின் வளைவு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இறுக்கமாக உதட்டை மூடிய முகங்கள் போய், சிரிக்கும் முகங்கள் வந்தன. படத்தில் சிரிக்க வேண்டும் என்பது இயற்கை விதி கிடையாது. காலம் உண்டாக்கிய பழக்கம். சிரிக்க விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாமல் இருப்பதற்கு இது போதிய காரணம்.

உண்மையான சிரிப்பு எது என்பதை பிரெஞ்சு மருத்துவர் துஷென் 1862இல் விளக்கினார். உதட்டின் ஓரத்தைத் தூக்கும் தசையை நாம் நினைத்தபடி இயக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசை மகிழ்ச்சி வந்தால்தான் எளிதில் சேர்ந்து இயங்கும். “சிரி” என்ற கட்டளைக்கு உதடு மட்டும் கீழ்ப்படிகிறது. தம்பியையோ தோழியையோ கூட நிறுத்திப் பேச வைத்தால் கண்ணும் சேர்ந்துகொள்ளும்.

படத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளில் தாய்க்கும் பிள்ளைக்கும் கருத்து வேறுபாடு வருவதற்கும் அறிவியல் காரணம் உண்டு. 1977இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் மீட்டா என்பவரும் உடனிருந்தவர்களும் மாணவியரின் படத்தை இரண்டு விதமாகக் காட்டினார்கள்: உள்ளபடி ஒன்று, இடவலம் மாற்றியது ஒன்று. மாணவியரில் பெரும்பாலோர் மாற்றிய படத்தையும், அவர்களின் தோழியர் உள்ளபடியான படத்தையும் விரும்பினார்கள். நம் முகத்தை நாம் அறிந்தது கண்ணாடியில். மற்றவர்கள் அறிந்தது நேரில். ஆகவே “இது நான் மாதிரியே இல்லை” என்று பிள்ளை சொல்லும்போது அது பொய்யில்லை. “இதுதான் நீ” என்று அம்மா சொல்வதும் பொய்யில்லை. இருவருக்கும் ஒவ்வொரு படம் எடுத்து வைத்துவிடலாம்.

உங்கள் வீட்டில் பள்ளி முடிக்கும் பிள்ளை இருந்தால், மினியாபொலிஸில் இருந்தாலும் மன்னார்குடியில் இருந்தாலும், ஒன்றை நினைவில் வையுங்கள். படம் சரியாக வரவில்லை என்றால் முதலில் இரண்டடி பின்னால் போங்கள். பிறகு பிள்ளையை நிழலின் விளிம்புக்குக் கூப்பிடுங்கள். அதன் பிறகு பின்னணியைப் பாருங்கள். இவை மூன்றையும் சரிசெய்யாத வரையில் மூக்கைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். அந்த வயதில் கேட்கும் அப்படி ஒரு சொல், படம் பழசாகிப்போன பிறகும் மனத்தை விட்டுப் போகாது.